நான் அழித்த புள்ளிகள்

2003-ஆம் வருஷம், கார்த்திகை மாதம். பெரம்பலூரில் நாங்கள் வாடகைக்குப் பிடித்திருந்த அலுவலக வீட்டின் பின்னறையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து, ஒரு மகளிர் குழுவின் பெண்கள் தங்கள் நோட்டில் பென்சிலால் வைத்திருந்த புள்ளிகளை ரப்பரால் அழித்தேன். அழித்த இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி என் கையால் புதுப் புள்ளி வைத்தேன். விடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அப்படிச் செய்யும்படி யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. செய்ததால் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூடவும் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் இதை என் வீட்டுக்காரரிடம்கூட முழுதாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நான் கொள்ளிடக்கரைப் பெண். திருமானூர் பக்கம். வாய்க்காலில் தண்ணீர் வந்த சேதி கேட்டால் ஊரே வயலுக்கு ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவள். அங்கிருந்து வடமேற்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் வேறு உலகம். வேப்பந்தட்டைப் பக்கத்துக் கரிசலில் பருத்தி, சோளம், வானம் பார்த்த பிழைப்பு. எட்டிப் பார்த்தால் தலைசுற்றும் ஆழத்துக் கிணறுகள். திருச்சியில் படிப்பை முடித்துவிட்டு 1999-இல் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்து, இரண்டு வருஷத்தில் கண்காணிப்பு அலுவலர் ஆனேன். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது ஒரே மாவட்டம். 2001 தொடக்கத்தில் அரியலூரைத் தனியாகப் பிரித்து, அடுத்த வருஷமே திரும்பச் சேர்த்திருந்தார்கள். மறுபடி பிரிந்தது 2007-இல்தான்.

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் கொடி கட்டிப் பறந்த காலம் அது. 1989-இல் தருமபுரியில் தொடங்கியது, மகளிர் திட்டம் என்ற பெயரில் 1990-களின் கடைசியில் எல்லா மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. குழுக்களைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவது என் வேலை. கூட்டம் நடந்ததா, எத்தனை பேர் வந்தார்கள், சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, வங்கித் தவணை தவறியதா. குழுவை நடத்தும் ஊக்குநர் சொல்லச் சொல்ல நான் கட்டங்களை நிரப்புவேன். மற்ற பெண்கள் சுற்றி உட்கார்ந்து, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் படிவத்தில் எங்கள் வேலை இருந்தது. அவர்கள் வாழ்க்கை இல்லை.

அதை மாற்றத்தான் படநோட்டு வந்தது. ஹெல்சி நோபோனென் என்ற ஆய்வாளர், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் தங்கள் வாழ்க்கையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்களே குறித்துக்கொள்ளும்படி படங்களால் ஆன நாட்குறிப்பு முறை ஒன்றை இந்தியத் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கியிருந்தார். எங்கள் நிறுவனத்திலும் அதைப் பார்த்து ஒரு நோட்டு தயாரித்தோம். பதினாறு படங்கள். அடுப்பில் உலை, பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளை, தனியாகப் பஸ் ஏறும் பெண், கிராம சபையில் எழுந்து நிற்கும் பெண். பதினோராவது பக்கத்தில், கையை ஓங்கிய ஓர் ஆண். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஐந்து பானைகள். முதல் பானை காலி, ஐந்தாவது தளும்புகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருத்தியும் தன் நிலைமைக்கு எந்தப் பானையோ அதில் புள்ளி வைக்க வேண்டும். பயிற்சியில் இதற்குப் பங்கேற்பு முறைக் கண்காணிப்பும் மதிப்பீடும் என்று பெயர் சொன்னார்கள். நோட்டு அவர்களுடையது, குழுப் பெட்டியிலேயே இருக்கும், நாங்கள் தொகுப்பதற்காக மட்டும் வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுப்போம் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனேன். நம்பித்தான் சொன்னேன்.

நான் சொல்லப்போகும் குழுவில் பத்தொன்பது பேர். வயதில் மூத்தவரை ஊரே அப்பாயி என்று கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைப் பாப்பா என்பார். முதல் நாள் நோட்டைக் கையில் வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இந்தப் பானைய யாரு பாப்பா வரைஞ்சது?”

“ஆபீஸ்ல அப்பாயி.”

“அப்ப நெறஞ்ச பானைன்னா எதுன்னு அவங்க சொல்லுவாங்களா, நாங்க சொல்லலாமா?”

“நீங்கதான் சொல்லணும்.”

அப்பாயி நம்பவில்லை. தன் மாமனார் காலத்துக் கதை ஒன்றைச் சொன்னார். கடன் கொடுத்தவர் வீட்டில் இரண்டு மரக்கால் இருக்குமாம். தானியம் கொடுக்கும்போது ஒன்று, திருப்பி வாங்கும்போது இன்னொன்று. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. “அளக்கறது எவன் கைன்னு பாருன்னு எங்க மாமனாரு சொல்லுவாரு,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பென்சிலை வாங்கி, கோலத்துக்குப் புள்ளி வைப்பது போலக் குனிந்து, ஒரே அழுத்தாக அழுத்திப் புள்ளி வைத்தார். தாள் குழிந்துவிட்டது. மற்றவர்களும் அப்படியே வைத்தார்கள். பென்சில் பிடித்துப் பழகாத கைகளுக்கு அழுத்தத்தான் தெரியும்.

2002-இல் வைத்த அந்த முதல் புள்ளிகளில் அநேகமாக எல்லாமே நான்காவது, ஐந்தாவது பானையில் விழுந்தன. சோறு நான்கு, பஸ் பயணம் நான்கு. கையை ஓங்கிய ஆணின் பக்கத்தில் பத்தொன்பது பேரும் ஐந்தாவது பானைதான்: எங்கள் வீட்டில் அப்படி எதுவும் கிடையாது. அலுவலகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது உண்மை. கொஞ்சம்தான்.

அதற்குப் பிந்தைய ஒரு வருஷம்தான் நான் பார்த்த வேலையிலேயே உயிருள்ள வருஷம். மழை பொய்த்துப்போய்ப் பருத்தி காய்ந்தது. வேலை இல்லாததால் கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். புளியமரத்தடியில் வாரா வாரம் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு கூட்டத்தில் ஒரு பெண் சந்தாப் பணத்தை இடது கையால் நீட்டினாள். பணத்தை இடது கையால் யாராவது நீட்டுவார்களா? ஊக்குநர் வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தார். வலது கையைத் தூக்க முடியவில்லை என்று அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பாயிதான், யாரையும் பார்க்காமல், தன் கல்யாணமான மூன்றாம் மாதத்தில் உலக்கையால் வாங்கிய அடியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்குச் சேமிப்புக் கணக்கு எழுதப்படவில்லை. அடுத்த வாரமும் அதே பேச்சு. அதற்கடுத்த வாரம், அடித்தால் எங்கே போவது என்று பேச்சு திரும்பியது. பெரம்பலூரிலிருந்து மாதம் ஒரு நாள் ஒரு வக்கீல் வந்து உட்கார்ந்தால் நன்றாக இருக்கும், அதை அடுத்த வருஷத் திட்டத்தில் கேட்க வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பத்தொன்பது பேரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள்.

2003-இல் மறுபடி புள்ளி வைத்தபோது எல்லாம் சரிந்தது. சோறு இரண்டாம் பானைக்கு வந்தது. பதினோராம் பக்கத்தில், போன வருஷம் ஐந்தில் நின்ற பத்தொன்பது பேரில் பன்னிரண்டு பேர் இரண்டுக்கும் ஒன்றுக்கும் இறங்கிவிட்டார்கள்.

நோட்டுகளை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் தலைவர் கெட்டவர் இல்லை. சைக்கிளில் ஊர் ஊராகப் போய் அந்த நிறுவனத்தை வளர்த்தவர். பதினான்கு பேரின் சம்பளம் அவர் தலைமேல் இருந்தது. சோறு குறைந்ததற்கு வறட்சி என்று எழுதிக்கொள்ளலாம், மழைக் கணக்கே சாட்சி சொல்லும். பதினோராம் பக்கத்துக்கு என்ன எழுதுவது? “திட்டம் தொடங்கி ஒரு வருஷத்துல வீட்ல அடி கூடிப்போச்சுன்னு எழுதி அனுப்பவா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. “பாத்துப் பண்ணும்மா,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். இந்த இரண்டு வார்த்தையை அவர்மேல் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் பல வருஷம் முயன்றேன். முடியவில்லை. அவர் சொன்னதைப் ‘போய்க் கேட்டு வா’ என்றும் எடுத்துக்கொண்டிருக்கலாம். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அந்த ஊருக்குப் போய், ‘ஏன் குறைந்தது, இதை எப்படி எழுதலாம்’ என்று அந்தப் பெண்களிடமே கேட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவேயில்லை. என் குழு தோற்றதாகத் தெரியக் கூடாது. அதுதான் எனக்கு இருந்தது. நான் எழுதும் அறிக்கைகளை மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்கள். அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

பன்னிரண்டு நோட்டுகளில் பதினோராம் பக்கம். சும்மா இருக்காமல், பொருத்தமாகத் தெரிய வேண்டும் என்று மற்ற ஏழிலும் அங்கங்கே கை வைத்தேன்.

அறிக்கை போனது. பாராட்டுக் கடிதம் வந்தது. அடுத்த வருஷத் திட்டமும் வந்தது. அதில் தையல் மெஷின்கள் இருந்தன, வக்கீல் இல்லை. இல்லாத பிரச்சினைக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? அட்டவணையைப் பார்த்தால் அந்த ஊரில் அடி வாங்கும் பெண்ணே இல்லை. அவர்கள் கையெழுத்துப் போட்ட தீர்மானத்தைச் செல்லாமல் ஆக்கியது என் ரப்பர்தான் என்பது அந்தக் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குப் புரிந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

தை மாதம் நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அழித்தது தெரியாத அளவுக்குச் சுத்தமாகச் செய்திருந்தேன் என்றுதான் நினைத்தேன். அப்பாயிக்கு அப்போதே கண் மங்கல். நோட்டை மடியில் வைத்து, பதினோராம் பக்கத்தைத் திருப்பி, ஆள்காட்டி விரலால் பானைகளை ஒவ்வொன்றாகத் தடவினார். திரும்பவும் தடவினார்.

“இங்க பள்ளம் இருக்கு, புள்ளியக் காணோம். அங்க புள்ளி இருக்கு, பள்ளம் இல்ல. நான் வச்ச புள்ளி எங்க பாப்பா?”

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஏதோ ஆகியிருக்கும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் தங்கள் நோட்டைத் திறந்து விரலால் தடவத் தொடங்கினார்கள். புளியமரத்தடியில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கடைசியில் அப்பாயி நோட்டை மூடி என் பக்கம் நகர்த்தினார்.

“நீங்களே வச்சுக்கங்க மேடம்.”

அன்றோடு நான் பாப்பா இல்லை. பத்தொன்பது நோட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக என் முன்னால் வந்துவிட்டன. சண்டை இல்லை, புகார் இல்லை. குழு தொடர்ந்து நடந்தது; சேமித்தார்கள், கடன் வாங்கினார்கள், கட்டினார்கள். புள்ளி மட்டும் வைக்கவில்லை. 2005-இல் நான் வேலையை விட்டேன். மற்ற நோட்டுகள் அலுவலகத்தில் எங்கோ போயின. அப்பாயியின் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்தச் சரிவு என்ன என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. 2002-இல் அந்தப் பன்னிரண்டு வீடுகளில் அடி இல்லாமல் இல்லை. சொல்லத் தைரியம் இல்லை. இல்லையென்றால், அடி என்பது எண்ண வேண்டிய விஷயம் என்ற நினைப்பே இல்லை. சோறு, பிள்ளை, மழை மாதிரி அதுவும் ஒன்று. ஒரு வருஷம் கூடி உட்கார்ந்து பேசியதில் அவர்களின் பானையே பெரிதாகிவிட்டது. முன்பு நிறைந்ததாகத் தெரிந்தது இப்போது அரைப் பானையாகத் தெரிந்தது. அதாவது புள்ளிகள் இறங்கியதுதான் அந்தத் திட்டம் பலித்ததற்கு அடையாளம். என் கையில் இருந்தது வெற்றி, நான் அதைத் தோல்வி என்று நினைத்து அழித்துவிட்டு, பொய்யை வெற்றி என்று எழுதி அனுப்பினேன். எண்ணை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தப்பு நேரும். எண் ஏன் அசைந்தது என்பது அதை வைத்தவளுக்குத்தான் தெரியும். அவளைக் கேட்காத மதிப்பீட்டில் படம் இருந்தால் என்ன, பானை இருந்தால் என்ன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்களே மதிப்பிடட்டும் என்று நோட்டைக் கொடுத்தோம். அதைத் தொகுப்பது நாங்கள், அதிலிருந்து முடிவு எடுப்பது வேறு யாரோ. எங்கள் வேலைக்குப் புள்ளி வைக்க அந்த நோட்டில் ஒரு பக்கமும் இல்லை. பதினாறு படங்களில் ஒன்றாவது ‘ஆபீஸ்காரர்கள் சொன்னபடி நடந்தார்களா’ என்று கேட்டிருந்தால், அந்த ராத்திரி என் கை கொஞ்சம் தயங்கியிருக்கும். நம் கணக்கு அவர்களுக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் அவர்கள் கணக்கில் கை வைக்கிறோம்.

வேலையை விட்டபின் சில வருஷம் வீட்டோடு இருந்தேன். அந்தக் காலத்தில்தான் ராஜஸ்தான் கிராமங்களைப் பற்றிப் படித்தேன். சென்னையில் பிறந்த அருணா ராய் ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தை உதறிவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் பொது விசாரணையை நடத்தியது. பஞ்சாயத்து வேலைகளின் பில்லையும், மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டையும் ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். அந்த வேலையைச் செய்ததாக எழுதப்பட்டவர்களே எழுந்து உண்மையைச் சொன்னார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கணக்கு புரியாது என்ற நினைப்பு அங்கே உடைந்தது. தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் வந்ததற்கு அந்தப் போராட்டம் ஒரு முக்கியமான காரணம். அதே வருஷம் வந்த வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஊரில் நடக்கும் வேலைகளைக் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று சொன்னது.

அந்தச் சட்டத்தின் நூறு நாள் வேலை எங்கள் இரண்டு மாவட்டங்களுக்கும் 2008 ஏப்ரலில் வந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். 2013-இல் தமிழ்நாடு சமூகத் தணிக்கைச் சங்கம் அமைந்தபிறகு தணிக்கை ஒரு முறையாக நடக்கத் தொடங்கியது. 2014 ஆவணியில் அரியலூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் தணிக்கைக்கு உதவியாகப் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னால் வெள்ளைப் புழுதியில் பஸ் ஊர்ந்துகொண்டு போனபோது, எங்கள் அப்பா சொல்லும் மருதையாற்றுப் பாலத்து விபத்து நினைவுக்கு வந்தது. 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியலில் வெள்ளம் பாலத்தை அரித்து, தூத்துக்குடி போன ரயில் ஆற்றில் விழுந்தது. தண்டவாளத்தைத் தன் கையால் தொட்டிராத ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவியை விட்டார். நான் தொட்ட நோட்டுக்கே இன்னும் பொறுப்பேற்கவில்லையே என்று அந்தப் பஸ்ஸில் நினைத்தேன்.

தணிக்கையில் வீடு வீடாகப் போய் வேலை அட்டையைப் பார்க்க வேண்டும், எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி வந்தது என்று கேட்க வேண்டும். அப்போது ஒரு நாள் கூலி 167 ரூபாய். அளவு குறைந்தால் அதற்குத் தக்கபடி குறையும். பிறகு நடந்த வேலையை அளக்க வேண்டும். ஏரிக்கு வரும் வரத்து வாய்க்காலைத் தூர்வாரியிருந்தார்கள். அளவுப் புத்தகத்தில் 420 மீட்டர் என்று இருந்தது. பெண்கள் ஆறு பேர் வந்தார்கள். டேப்பை நான் பிடிக்கப் போனேன். ஒரு பெண் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “வெட்டுனது நாங்க, அளக்கறதும் நாங்களே அளக்கறோம். நீங்க சும்மா எழுதுங்க.” கருவேல முள்ளைக் காலால் மிதித்து ஒதுக்கிக்கொண்டு வளைவு வளைவாக அளந்தார்கள். 365 மீட்டர் வந்தது. நம்பாமல் மறுகோடியிலிருந்து திரும்ப அளந்தார்கள். மறுபடியும் அதே.

அன்று சாயங்காலம் மஸ்டர் ரோலைப் படித்தபோது இரண்டு பெயர்களில் எல்லோரும் தயங்கினார்கள். ஒருத்தி மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாள், இன்னொருத்தி பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு பேருக்கும் வராத நாளுக்கு வந்ததாகக் குறி விழுந்திருந்தது. கிராம சபையில் 55 மீட்டர் குறைவைப் பற்றிப் பேசும்போது கூட்டம் சூடாக இருந்தது. அடுத்து இந்த இரண்டு பெயர்களைப் படித்தேன். யார் செய்த தப்பு என்ற பேச்சு கிளம்பி, அது பணித்தளப் பொறுப்பாளர் பெண்ணின் பக்கம் திரும்பியது. அப்போது டேப்பை வாங்கிக்கொண்ட அதே பெண் எழுந்தாள்.

“அவ மேல போடாதீங்க. நாங்க எல்லாருந்தான் போடச் சொன்னோம். பெத்து எந்திரிக்காதவளுக்குக் கஞ்சி வேணுமே. அவ பங்கு மண்ணயும் நாங்க வெட்டிட்டோம். ஆனா வராதவள வந்ததா எழுதுனது தப்புதான். அந்தப் பணத்த நாங்க எல்லாரும் சேந்து திருப்பிக் கட்டிர்றோம். வாய்க்கா கொறஞ்சதுக்கு அவங்க கணக்குச் சொல்லட்டும்.”

தன் தப்பை முதலில் வைத்துவிட்டுத்தான் அடுத்தவன் தப்புக்குக் கணக்குக் கேட்டாள். சபையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் எழுதினேன். அந்தப் படிவத்தில் இதற்குப் பொருத்தமான கட்டம் இல்லை. முறைகேடு என்று ஒரு பத்தி, தொகை என்று ஒரு பத்தி. ஓரத்தில் அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். கைநாட்டு வைக்க வந்தவள் பேனாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நான் சொன்னதுதான எழுதியிருக்கீங்க?”

உரக்கப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். ‘பங்கு மண்ணை’ என்று நான் எழுதியிருந்ததை ‘அவ பங்கு மண்ணை’ என்று திருத்தச் சொன்னாள். திருத்தினேன். பிறகுதான் கட்டைவிரலை மையில் வைத்தாள்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து அப்பாயியின் நோட்டை எடுத்தேன். விளக்கு வெளிச்சத்தில் பதினோராம் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால் இரண்டாவது பானையின் வயிற்றில் அந்தக் குழி இன்னும் தெரிந்தது. வீட்டுக்காரரிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தம்மா இன்னும் இருக்காங்களா?”

இருந்தார். 2015 மாசியில் போனேன். கரிசலில் பருத்தியின் இடத்தை மக்காச்சோளம் பிடித்திருந்தது. அறுவடை முடிந்து தட்டைகள் அடுக்கிக் கிடந்தன. புளியமரம் இல்லை, அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி நின்றது. அப்பாயி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கண் கிட்டத்தட்டப் போய்விட்டது. குரலைக் கேட்டே கண்டுபிடித்தார்.

“வாங்க மேடம். எப்ப வந்தீங்க?”

காலடியில் உட்கார்ந்து, அந்தக் கார்த்திகை ராத்திரியிலிருந்து தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னேன். தலைவர் சொன்ன இரண்டு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன்; அதைச் சொன்னால் என் பங்கு குறைந்துபோகும். வக்கீல் வராமல் போனது என்னால்தான் என்றும் சொன்னேன். சத்தம் கேட்டு அவர் மருமகள் நிலைப்படியில் வந்து நின்றார். அந்தக் குழுவில் இருந்தவர்தான். இடது கையால் பணம் நீட்டிய பெண்ணைப் பற்றிக் கேட்டேன். பிள்ளைகளோடு திருப்பூர் போய்விட்டாள், பனியன் கம்பெனியில் இருக்கிறாள் என்று மருமகள் சொன்னார். போன வருஷம் திருவிழாவுக்குக்கூட வரவில்லையாம்.

நோட்டை அப்பாயியின் மடியில் வைத்தேன். பக்கத்தை நான் திருப்பவில்லை. அவரே விரலால் எண்ணித் திருப்பினார். பள்ளத்தைத் தொட்டார். அதன்மேலேயே விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். என் பையில் பென்சில் இருந்தது. எடுத்து நீட்டினேன்.

“இப்ப எதுக்கு? அடிச்ச ஆளு செத்து அஞ்சு வருசமாச்சு,” என்றார். நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. மருமகளிடம் நீட்டி, “குழுப் பொட்டியில வை,” என்றார்.

நான் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மருமகள் உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தார். தண்ணீர்த் தொட்டி கட்டி ஒன்றரை வருஷமாகிறது, மோட்டார் மூன்று தடவை மாற்றியதாகச் சொல்கிறார்கள், தண்ணீர் தெருக்கோடிக்கு ஏறவே இல்லை. செலவுக் கணக்கைக் கேட்டு மனுப் போட்டிருக்கிறார்கள், பதில் வந்திருக்கிறது. குழுவில் இரண்டு பிள்ளைகள் பன்னிரண்டாவது படித்தவர்கள், அவர்கள் படித்துச் சொன்னார்கள். பைப்பின் நீளம் எவ்வளவு என்று போட்டிருக்கிறது, அதை நாளைக்கு அளக்கப் போகிறார்கள்.

“டேப்பு பிடிக்க ஒரு ஆளு கொறையுது,” என்றார் அப்பாயி. “நீங்க வர்றீங்களா?”

ராத்திரி அங்கேயே தங்கினேன். காலையில் டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்கள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மருமகள் நடந்தார். எண்ணைப் படித்தது ஒரு பெண், எழுதியது இன்னொரு பெண்.